வெள்ளியா, கறுப்பா, தக்கையா? சீ ட்ரௌட்டுக்கு எந்த ஃப்ளை

ஜூன் கடைசியில், இங்கிலாந்தின் வடமேற்கு மூலையான கம்ப்ரியாவில் சூரியன் மறையவே இரவு 9.45 ஆகிவிடும். அதற்கப்புறமும் வெகுநேரம் வானம் வெளுத்தே கிடக்கும். பகலில் நீர் வற்றித் தெளிந்து ஓடும்போது சீ ட்ரௌட் நிழல் பட்டாலே மிரளும் மீன். அதனால் இங்கே தூண்டில் வேலை ராத்திரியில்தான். வெளிச்சம் இருக்கும்போதே அவசரப்பட்டு ஆற்றில் இறங்கினால் மடு முழுக்கக் கலைந்துவிடும். இருட்டுக்காகக் கரையில் காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் ஃப்ளை (கொக்கியில் இறகும் மயிரும் கட்டிச் செய்யும் பொய்ப்பூச்சி இரை) பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு எதைக் கட்டுவதென்று மண்டையைக் குழப்பிக்கொள்வோம்.

ஆற்றிலேயே தங்கிவிடும் பிரவுன் ட்ரௌட்டும் சீ ட்ரௌட்டும் ஒரே இனம். சீ ட்ரௌட் மட்டும் கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிடத் திரும்புகிறது. (நீலகிரியில் தூண்டில் போட்டவர்களுக்குப் பழக்கமான ரெயின்போ ட்ரௌட் வேறு இனம்.) திரும்பிவந்தபின் பெரிதாக இரை தேடுவதில்லை. ஆகவே எந்தப் பூச்சி பறக்கிறதோ அதைப் போலவே கட்டு என்ற ட்ரௌட் கணக்கு இங்கே பலிக்காது. பெயர்தான் ஃப்ளை, பாதிக்கு மேல் குட்டி மீன் வேஷம்.

பழைய பகை டீல் ப்ளூ அண்ட் சில்வருக்கும் ஸ்டோட்ஸ் டெயிலுக்கும். முன்னதில் வெள்ளி ஜரிகை சுற்றிய உடம்பு, நீல இறகு, மேலே கிளுவையின் வரியிறகு. கடல்வாசம் இன்னும் போகாத புது மீனுக்கு, கழிமுகத்தை ஒட்டிய கீழ் மடுக்களில் இதைத்தான் கட்டச் சொல்வார்கள். பின்னது கறுப்பு மயிர் மட்டும். வெள்ளி உடம்பு வைத்தால் அதுவே சில்வர் ஸ்டோட். இருட்டில் கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தை மறைக்கும் உருவம்தான் தெரியும், அதற்குக் கறுப்புதான் சரி என்பது கறுப்புக் கட்சியின் வாதம். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஆனால் நிறத்துக்காக இவ்வளவு சண்டை தேவையா என்றும் தோன்றும். எட்டாம் எண் கொக்கியிலிருந்து பத்துக்கு இறங்குவதும் (எண் கூடினால் கொக்கி சிறிது), ஓர் அடி ஆழத்தில் ஓட்டுவதா மூன்றடியிலா என்பதும் நிறத்தைவிடப் பெரிய முடிவுகள்.

பீட்டர் ராஸ் என்ற ஃப்ளையைச் சொல்லாமல் விட்டால் ஸ்காட்லாந்துக்காரர்கள் கோபிப்பார்கள். கிளுவை இறகுதான், உடம்பில் பாதி வெள்ளி, பாதி சிவப்பு. நல்ல ஃப்ளை. முதல் இரண்டும் இருந்தால் இது இல்லாமலும் ராத்திரி நடக்கும்.

உண்மையான போட்டி நள்ளிரவுக்குப் பின்னால். கம்ப்ரியாவின் எஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்து, சீ ட்ரௌட் பிடிப்பதைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஹியூ ஃபால்கஸ், ராத்திரியைக் கால்பந்தாட்டம்போல முதல் பாதி, இடைவேளை, இரண்டாம் பாதி என்று பிரித்தவர். முதல் பாதியில் மீன் துள்ளும், நடமாடும். மெடிசின் என்ற ஒல்லியான வெள்ளி ஃப்ளை மேல்மட்டத்தில் ஓடினால் போதும். பிறகு ஆறு செத்ததுபோல் அடங்கிவிடும். பலர் மூட்டை கட்டுவது அப்போதுதான். மீனோ எங்கும் போகவில்லை, அடியில் படுத்திருக்கிறது.

அந்த நேரத்துக்கு இரண்டு வழி. ஒன்று சங்க் லூர் (மூழ்கும் பொய் இரை): ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கொக்கி, இரண்டரை மூன்று அங்குல நீளம், வெள்ளியும் நீலமும், முதுகில் மயில்தோகை இழை. மூழ்கும் லைனில் (தூண்டில் கயிற்றில்) கட்டி, அடிமட்டத்தில் ஊர்ந்துபோக விட வேண்டும். இன்னொன்று நேர் எதிர். சர்ஃபேஸ் லூர் என்பது மிதக்கும் தக்கை உடம்பு. மடுவின் குறுக்கே இழுபட்டு, நீர்மேல் கோடு கிழித்துக்கொண்டு வரும். கும்மிருட்டு, காற்றில்லாத வெதுவெதுப்பான ராத்திரி, அசையாத நீர்: இந்த மூன்றும் கூடினால்தான் அதற்கு வேலை. கூடிவிட்டால் அதற்கு ஈடே கிடையாது. 'தொபுக்'கென்று சத்தம் கேட்டதும் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். அங்கேதான் சிக்கல்: சத்தத்துக்குத் தூண்டிலைச் சுண்டினால் வாயிலிருந்து பிடுங்கியதாகிவிடும். கையில் கனம் ஏறும்வரை பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுத்தும் பாதி தவறும்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் சங்க் லூரை எடுப்பேன். குளிர்ந்த ராத்திரியிலும் அது வேலை செய்யும். நிலா எரித்தாலோ ஆற்றின்மேல் மூடுபனி படர்ந்தாலோ எதுவும் சரிவராது, அது வேறு விஷயம்.

வெள்ளம் வடிந்து நீர் தேநீர் நிறத்துக்கு வரும் பகல்களில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் மாறும். பத்தாம் எண் கொக்கியில் பிளாக் பென்னல் என்ற ஃப்ளையைக் கட்டிக்கொண்டு வெளிச்சத்திலேயே போடலாம்.

இருட்டில் லைன் மாற்றுவது பெரும்பாடு என்பதால் விவரமானவர்கள் இரண்டு தூண்டிலாகவே கொண்டுபோகிறார்கள்: ஒன்றில் மிதக்கும் லைனும் மெடிசினும், மற்றதில் மூழ்கும் லைனும் சங்க் லூரும். அப்படியும் எங்காவது முடிச்சு போட வேண்டிவந்தால், ஆற்றைவிட்டுத் தள்ளிப்போய், நீருக்கு முதுகைக் காட்டி நின்று டார்ச்சை எரியவிடுங்கள்.