தகர டப்பாவில் கிடந்த நான்கு இன்ஜெக்டர்கள்

அப்பா 2004-இல் வாங்கிய காரைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். அதன் இன்ஜெக்டர்களை, அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் குட்டி வால்வுகளை, 2021 டிசம்பரில் வீட்டு வாசலிலேயே மாற்றினேன். ஐந்து மாதம் கழித்து மறுபடியும் கழற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு 36,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இவ்வளவு ஓட்டிப் பார்த்ததில் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: வண்டியோடு வந்த அசல் இன்ஜெக்டர்களைக் கழுவிச் சோதிக்காமல் மலிவு விலைப் புதியதை வாங்காதீர்கள்.

காலையில் இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்பினால்தான் இன்ஜின் பிடிக்கும். சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்கும். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11-க்கு இறங்கியிருந்தது. பட்டறைகளில் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். பிளக் வயர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றியும் பயனில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தபோதுதான் பிடி கிடைத்தது. மூன்று பிளக்குகளின் முனை இளம்பழுப்பு; மூன்றாம் சிலிண்டரின் பிளக் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. அங்கே பெட்ரோல் போதுமான அளவு போகவில்லை.

இன்ஜின் கோளாறை ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும் ஓபிடி வசதி நம் நாட்டில் 2010-க்குப் பிறகே படிப்படியாகக் கட்டாயமானது. என் வண்டியில் அது இல்லை. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஒவ்வோர் இன்ஜெக்டர் மீதும் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். நான்கும் ஒரே சீராகத் துடித்தன. மல்டிமீட்டரில் நான்கின் மின்தடையும் 14 ஓம்ஸை ஒட்டியே காட்டியது. அப்படியானால் உள்ளே இருக்கும் மின்சுருள் நன்றாக இருக்கிறது, நுனித் துளைதான் அடைத்திருக்கிறது என்று முடிவுசெய்தேன். அந்த முடிவு சரி. அடுத்த முடிவுதான் தவறு: இணையத்தில் மலிவாகக் கிடைத்த பெயர் தெரியாத செட் ஒன்றை வாங்கினேன்.

வேலை கடினமானதல்ல, ஆனால் பொறுமை கேட்பது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஃப்யூல் ரெயில் என்ற குழாயில் பெட்ரோல் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் நிற்கிறது. கார் டயரில் உள்ள காற்றைப்போல ஒன்றரை மடங்கு. அதை அப்படியே கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டேன். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். இன்ஜின் முழுதும் ஆறிய பிறகே ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் சுடர் எரியும் விளக்கு, சிகரெட், பொறி பறக்கும் எதுவும் இருக்கக் கூடாது.

கழற்றுவதற்கு முன் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷாலும் சைக்கிள் பம்பாலும் அகற்றுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இன்ஜெக்டர் வெளியே வந்ததும் அந்தத் துளை நேராக வால்வை நோக்கித் திறந்து கிடக்கிறது. ஒரு மணல் துகள் விழுந்தாலும் கேடுதான். துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்தேன். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணி வைத்துக்கொள்வதும் அவசியம்.

புதியதைப் பொருத்தி, போல்ட்டுகளை மாறி மாறிச் சிறுகச் சிறுக இறுக்கினேன். மகள் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பினாள். பம்ப் இரண்டு நொடி முனகி நின்றது. நான் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் இன்ஜெக்டரின் கழுத்தில், ரெயிலோடு சேரும் இடத்தில், ஒரு பளபளப்பு. அது மெல்லத் திரண்டு, கடுகளவு துளியாகி, விளிம்பில் தொங்கியது. “பாப்பா, ஆஃப் பண்ணு!” என்று கத்தினேன். மறுபடி கழற்றிப் பார்த்தால், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு. எண்ணெய் தடவாமல் உலர்வாக அழுத்தியதால் வந்தது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பார்த்ததால் தப்பித்தோம். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு துளி சுத்தமான இன்ஜின் ஆயில் தடவி, கட்டைவிரலால் லேசாகத் திருகியபடி நேராக அழுத்த வேண்டும்.

முதல் இரண்டு மாதம் வண்டி வெண்ணெயாக ஓடியது. மூன்றாம் மாதத்தில் ஸ்டீயரிங் மெல்ல நடுங்கத் தொடங்கியது. ஐந்தாம் மாதத்தில் செட்டைக் கழற்றி, இன்ஜெக்டர் தெளிக்கும் அளவைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நான்கு கண்ணாடிக் குழாய்களில் ஒரே நேர அளவில் விழுந்தது 62, 61, 52, 63 மில்லி. பெஞ்ச் முன் நின்றிருந்த பெரியவர், “பழையதை எறிந்துவிட்டீர்களா தம்பி?” என்று கேட்டார். எறியவில்லை. தகர டப்பாவில் துணி சுற்றி வைத்திருந்தேன்.

மறுநாள் அவற்றைக் கொண்டுபோனேன். கழுவுவதற்கு முன் 58, 59, 44, 57. ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, தலைப்பகுதியில் இருக்கும் குட்டி வலை ஃபில்டர்களை மாற்றிய பிறகு 60, 60, 58, 60. பதினேழு வயதான பொருள் அது! சும்மா நிற்கும் இன்ஜினில்கூட நொடிக்கு ஆறேழு முறை திறந்து மூடும் வால்வு, இத்தனை ஆண்டு கழித்தும் இவ்வளவு ஒற்றுமையாகப் பெட்ரோலை அளந்து கொடுப்பதைக் கண்ணாடிக் குழாயில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மீண்டும் அதே நான்கையும் பொருத்தினேன். கழுவும் கூலி, புது செட்டின் விலையில் பாதிகூட இல்லை.

இந்த முறை வளையங்களில் கஞ்சத்தனம் செய்யவில்லை. சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தேடி, வைட்டான் என்ற செயற்கை ரப்பர் வகையில் வாங்கினேன். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வைட்டான் தாக்குப்பிடிக்கிறது. மூன்று ஆண்டு கழித்துச் சோதிக்க ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். நகத்தால் அழுத்தினால் குழிந்து உடனே எழுந்தது, விரிசல் இல்லை.

கழுவிப் பொருத்தியதும் மைலேஜ் 14.5 ஆனது. இப்போது 13.6 கிடைக்கிறது. இதற்கு இன்ஜெக்டரைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு; அந்த இறக்கத்தில் ஒரு பகுதி அதனால் வந்ததுதான். குளிர்ந்த காலையிலும் முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடிக்கிறது. 2024-இல் பதிவைப் புதுப்பிக்கப் போனபோது புகைப் பரிசோதனையில் எந்தச் சிக்கலும் வரவில்லை. அடுத்த வேலை, வளையங்களை மட்டும் 2027-இல் மாற்றுவது. புதிய வளையங்களை வாங்கி அதே தகர டப்பாவில் வைத்திருக்கிறேன்.