வண்டி வெளியேறும் வாசலுக்குக் குவிகண்ணாடியா, தாழ்ந்த சுவரா?

சாலையை ஒட்டிய வீட்டிலிருந்து காரை வெளியே எடுக்கும்போது, வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டி நம் கண்ணில் படுவதற்கு முன்பே காரின் முகப்பு சாலைக்குள் நீண்டுவிடுகிறது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை இடித்துக் கட்ட வேண்டி வந்தபோது, இதைத் தீர்ப்பதற்கு மூன்று வழிகளைப் பரிசீலித்தோம்: எதிரே குவிகண்ணாடி (வெளிப்புறம் புடைத்த கண்ணாடி) பொருத்துவது, கேட்டை உள்ளே தள்ளி வைப்பது, சுவரையே தாழ்த்துவது. நாங்கள் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழியை. அதையே பிறருக்கும் பரிந்துரைப்பேன்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் கணக்குப்படி, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்பதற்கு 30 மீட்டரும், 40 கி.மீ. வேகத்தில் வருவது நிற்பதற்கு 45 மீட்டரும் தேவை. ஓட்டுநர் சுதாரித்துப் பிரேக்கை மிதிக்க எடுக்கும் 2.5 வினாடியும் இதில் அடக்கம். காரின் முன்முனையிலிருந்து ஓட்டுநரின் கண் 2 மீட்டருக்கு மேல் பின்னால் இருப்பதால், சாலை விளிம்பிலிருந்து 2.4 மீட்டர் உள்ளே கண் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். சுவர் சாலை விளிம்புக்கு 1.5 மீட்டர் உள்ளே இருந்து, கேட்டின் தூண் கண்ணுக்கு வலப்புறம் 1.5 மீட்டரில் நின்றால், ஆளுயரச் சுவருக்கு அப்பால் சாலையோரமாக, விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வரும் பைக் 6 மீட்டருக்குள் நெருங்கிய பிறகுதான் தெரியும். தேவையோ 30 மீட்டர்.

கேட்டை உள்ளே தள்ளுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டைத் திறக்கும் வரை வண்டி சாலையில் நிற்காது என்பது அதன் பயன். பக்கச் சுவர்கள் உயரமாகவே இருந்தால் தெரியும் தூரம் சற்றும் அதிகரிக்காது. அரை கிரவுண்டு மனையில் அதற்கு இடமும் இல்லை.

குவிகண்ணாடி சில ஆயிரம் ரூபாயில் ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதால் பலர் அதையே நாடுகிறார்கள். அதில் வண்டி சிறிதாகவும் தொலைவில் இருப்பதுபோலவும் தெரிவதால் வேகத்தை மதிப்பிடுவது கடினம் என்பது எல்லோரும் அறிந்ததே. எங்கள் பகுதியில் அதைவிடப் பெரிய சிக்கல் பராமரிப்பு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும், கடலிலிருந்து வரும் உப்புக் காற்றும் சேர்ந்து கண்ணாடியின் மேல் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. உலர்ந்த துணியால் துடைத்தால் அந்தத் தூசியே பரப்பைக் கீறிவிடுகிறது. நீரூற்றிக் கழுவுவதென்றால் ஏணி வைத்து ஏற வேண்டும். மார்கழிக் காலையில், அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில், பனி படிந்து ஒன்றுமே தெரிவதில்லை. இரும்புக் கொக்கி துருப்பிடித்துத் தளர்ந்தால் கண்ணாடி சிறிது திரும்பிவிடும். அப்போது அது காட்டுவது சாலையை அல்ல, எதிர்வீட்டு மாடியை. கம்பம் நடும் இடமும் பெரும்பாலும் நம்முடையதாக இருப்பதில்லை. நான் அருகிலிருந்து பார்த்தவை பிளாஸ்டிக் வகைக் கண்ணாடிகள்தான். துருப்பிடிக்காத எஃகில் செய்தவை இந்தக் காற்றை இன்னும் நன்றாகத் தாங்கக்கூடும்.

தாழ்ந்த சுவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. முன்சொன்ன அளவுகளில், தூணிலிருந்து வலப்பக்கம் சுமார் 6.5 மீட்டர் நீளத்துக்குச் சுவரை 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் நிறுத்தினால், காரில் உட்கார்ந்தபடியே 30 மீட்டர் தெரியும். 30 அடி முகப்புள்ள மனையில் அது ஏறத்தாழ முன்சுவர் முழுவதும் ஆகும். ஆகவே, வீட்டிலிருந்து வெளியே பார்க்கும்போது கேட் இடக்கோடியில் இருப்பதே நல்லது; அப்போது வலப்பக்கச் சுவர் முழுவதும் நம் பொறுப்பில் இருக்கும். இடப்பக்கத்திலிருந்து வரும் வண்டிகள் சாலையின் மறுபாதியில் வருவதால் அங்கே தேவைப்படும் திறப்பு குறைவு. ஆனால் விதியை மீறி எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக்குகள் நம் ஊரில் அன்றாடக் காட்சி என்பதால், அந்தப் பக்கத்தை முழுவதுமாக மறந்துவிடவும் முடியாது.

சுவரைத் தாழ்த்தி, மேலே கிரில் வைத்தால் போதாதா என்று கொத்தனார் கேட்பார். வேலிக்கு நேர் எதிரே நின்று பார்ப்பவருக்கு அது திறந்த வேலிதான். ஓட்டுநரோ அதை மிகச் சாய்வான கோணத்தில் பார்க்கிறார், 10 செ.மீ. இடைவெளியில் நிற்கும் 2 செ.மீ. சதுரக் கம்பிகள் அந்தக் கோணத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டிச் சுவராகிவிடுகின்றன. கம்பிகளைப் படுக்கை வாட்டத்தில், கண் மட்டமான 1.2 மீட்டரை விட்டு விலக்கிப் பொருத்துவதே சரி. படுக்கைக் கம்பியில் கால் வைத்து ஏறிவிடலாம் என்ற திருட்டுப் பயம் நியாயமானது. வீட்டுக் கதவையும் சன்னலையும் பலப்படுத்துவது அதற்கான எங்கள் விடை. இரவில் ஆளில்லாத வீட்டுக்கு அது போதும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தெரு முனை மனைகளில் சுவரின் மூலையைச் செங்கோணமாக விடாமல் குறுக்காக வெட்டிவிட வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்வதும் இந்தப் பார்வைக்காகத்தான். நடுமனைக்காரர்களும் அந்த அக்கறையைத் தாமாகவே எடுத்துக்கொள்ளலாம். சுவரைத் தாழ்த்திவிட்டு அதன்மேல் அரளியும் காகிதப்பூவும் வளரவிட்டால் செலவழித்தது வீண். இடுப்பளவுக்கு மேல் வளராத செடியே போதும்.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் போன்ற பகுதிகளின் குறுகிய சந்துகளில் வீட்டுச் சுவரே தெருவை ஒட்டி நிற்கும் இடங்களில் தாழ்த்துவதற்குச் சுவரே இல்லை. அங்கே குவிகண்ணாடியைத் தவிர வழியில்லை. கைக்கு எட்டும் உயரத்தில் பொருத்தி, வாரம் ஒருமுறை நீரூற்றிக் கழுவி, வண்டியை முகப்பு முன்னால் இருக்கும்படி எடுத்து, கண்ணாடியில் வண்டி எதுவும் தெரியாதபோதும் ஊர்ந்தபடியே வெளியேற வேண்டும்.