அகிரா: மங்காவா, படமா?

அகிரா என்ற ஜப்பானிய அறிவியல் புனைகதை மங்காவாகவும் (ஜப்பானிய காமிக்ஸ்) அனிமேஷன் படமாகவும் இருக்கிறது. எதில் தொடங்குவது என்று பலரும் தடுமாறும் இடம் இது. இரண்டையும் உருவாக்கியவர் கட்சுஹிரோ ஓட்டோமோதான். ஆனால் கிடைக்கும் அனுபவம் வேறு.

நேரம்
படம்: 124 நிமிடம். ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.
மங்கா: 6 தொகுதிகள், 2000 பக்கங்களுக்கு மேல்.

கதை
படம்: 1988இல் வந்தபோது மங்கா முடியவே இல்லை, 1990இல்தான் முடிந்தது. அவ்வளவு பெரிய கதையை இறுக்கிச் சுருக்கியதால்தான் கடைசிப் பகுதி பலருக்குப் பிடிபடாமல் போகிறது என்பேன்.
மங்கா: கதை நடக்கும் நியோ-டோக்கியோ நகரம் இடிந்த பிறகு மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை நின்று நிதானமாகச் சொல்கிறது. படத்தில் வந்த சுவடே தெரியாமல் போகும் மதத் தலைவி மியாகோ, இங்கே கதையைத் தாங்கும் தூண். அரசை எதிர்க்கும் குழுவில் இருக்கும் இளம்பெண் கெய்க்கும் படத்தைவிட இங்கே செய்வதற்கு நிறைய இருக்கிறது. படத்தை மட்டும் பார்த்தவர்கள் இந்த இருவரையும் முழுமையாக அறியாமல் போகிறார்கள், எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்.

காட்சி
படம்: இரவுச் சாலையில் பைக்குகள் திரும்பும்போது பின்விளக்கின் சிவப்பு கோடாக நீண்டு காற்றிலேயே தங்கும். கூடவே கெய்னோ யமாஷிரோகுமி என்ற ஜப்பானிய இசைக்குழுவின் முழங்கும் இசை.
மங்கா: கறுப்பு வெள்ளைதான். வசனமே இல்லாமல் பக்கம் பக்கமாகக் கட்டடங்கள் சரியும், ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியாக வரையப்பட்டிருக்கும். கண்ணை எடுக்க முடியாது.

அனிமேஷன் மீது காதல் இருந்தால், அல்லது ஒரு மாலைப்பொழுதுதான் கையில் இருந்தால், படம். பாத்திரங்களோடு வாழ வேண்டும் என்றால் மங்கா. இரண்டுக்கும் தயார் என்பவர்கள் படத்தில் தொடங்குங்கள். மங்காவை முதலில் முடித்தவர்களுக்குப் படத்தில் இல்லாதவைதான் கண்ணில் படும்.