'ரோம்' தொடரின் இசை: பல வருடம் கேட்ட பிறகு

எச்.பி.ஓ.வும் பிபிசியும் சேர்ந்து எடுத்த 'ரோம்' டிவி தொடர் 2005இல் தொடங்கி 2007இல் முடிந்தது. இரண்டு சீசன், 22 எபிசோடு, அவ்வளவுதான். அதற்கு ஜெஃப் பீல் போட்ட இசை இன்னும் என் போனில் இருக்கிறது. காட்சி இல்லாமல் இசையை மட்டும் வருடக்கணக்கில் கேட்டால் எது தேறுகிறது, எது சலிக்கிறது என்பதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் டைட்டில் இசை. திரையில் ரோமின் தெருச்சுவர்களில் கிறுக்கிய படங்கள் உயிர் பெற்று அசையும். கேமரா சந்து சந்தாகப் போகும். மீட்டும் தந்தியும் கைத்தாளமும் சேர்ந்து நடை போட, அதன் மேல் மெட்டு ஏறி வரும். அரண்மனை வாசலில் நிற்கிற இசை இல்லை இது, சந்தைக்குள் தோளை இடித்துக்கொண்டு போகிற இசை. எபிசோடு எபிசோடாகப் பார்த்த காலத்தில் இதை ஒருமுறைகூட ஓட்டிவிட்டதில்லை. தனியாகக் கேட்கும்போதும் இன்றுவரை நிற்கிறது.

ரோம் என்றால் எக்காளம் முழங்கி, பின்னால் கோரஸ் எழும்ப வேண்டும் என்று ஹாலிவுட் நம் காதைப் பழக்கிவைத்திருக்கிறது. பீல் அடிப்படையில் ஜாஸ் ட்ரம்பெட் வாசிப்பவர். அப்படிப்பட்டவரே முழக்கத்தை முன்னால் நிறுத்தாமல், ஊத் என்ற அரபு வாத்தியம் மாதிரியான தந்திக் கருவிகளையும் தோல் தாளங்களையும் நம்பியதுதான் எனக்குப் பிடித்த முடிவு.

"இது ரோமானிய இசையே இல்லையே, துருக்கிக் கடைத்தெரு மாதிரி இருக்கிறதே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான கேள்விதான். ஆனால் ரோமானிய இசை எப்படி ஒலித்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கருவிகள் தெரியும்: திபியா என்ற இரட்டைக் குழல், வளைந்த கொம்பான கோர்னு. எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரம் பொம்பெயியில் தோண்டும்போது நிஜக் கொம்புகளே கிடைத்திருக்கின்றன. மெட்டுகள்தான் கைக்கு வரவில்லை. முழுசாகக் கிடைத்த பழைய பாட்டு என்றால் இன்றைய துருக்கியில் கண்டெடுத்த செய்கிலோஸ் என்பவரின் கல்லறைக் கல்லில் செதுக்கிய சில வரிகள். அதுவும் கிரேக்கம். 1951இல் வந்த 'குவோ வாடிஸ்' படத்தில் இசையமைப்பாளர் மிக்லோஸ் ரோஜா அந்த மெட்டை எடுத்து நீரோ வாயில் கொடுத்தார்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் ஜுவெனல். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ரோமானியக் கவிஞர். சிரியாவின் ஒரோன்டீஸ் ஆறு எப்போதோ ரோமின் திபேர் ஆற்றில் வந்து கலந்துவிட்டது, தன் பாஷையையும் பழக்கத்தையும் குழல்காரனையும் சாய்ந்த தந்திகளையும் அடித்துக்கொண்டு வந்துவிட்டது என்று எரிச்சலோடு புலம்புகிறார். ஆக, ஊர் முழுக்கக் கீழைத் தந்தி ஒலிக்கிறது என்று அந்த ஊர்க்காரரே திட்டியிருக்கிறார்! தொடர் நடப்பது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்தைய சீசர் காலத்தில், சரிதான். இருந்தாலும் பீலின் காது தப்பான தெருவுக்குப் போய்விடவில்லை.

அப்புறம், சலித்தவை. போர், சதி, கத்திக்குத்துக்கான துண்டுகள்தான் முதலில் போயின. தாழ்ந்த சுருதியை இழுத்துப் பிடித்து மேலே முரசைத் தட்டும் உத்தி காட்சியோடு பயமுறுத்தும்; தனியாகக் கேட்டால் ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்து, ஒன்றும் நடக்காமலே முடிந்துவிடும். வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளுக்கானவை நேர்மாறு. தொடரில் வரும் படைவீரர் வொரீனஸ், அவர் மனைவி நியோபி குடும்பத்தைச் சுற்றி வரும் அடக்கமான மெட்டுகளை ஆரம்பத்தில் கவனிக்கவே இல்லை. இப்போது அதிகம் போடுவது அவற்றைத்தான்.

கேட்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். போன் ஸ்பீக்கரில் போட்டால் தோல் தாளத்தின் அடிநாதம் காணாமல் போய், தந்தி மட்டும் கொசு மாதிரி ரீங்கரிக்கும். சுமாரான ஹெட்போன் போதும், தந்தியில் விரல் உரசுவதுகூடக் கேட்கும். எழுத்து வேலைக்கு ஒத்துவரும், வாய்ப்பாட்டு கவனத்தைப் பிடித்து இழுப்பதில்லை. தூங்கப் போடாதீர்கள், முரசு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. நான் வைத்திருந்த ஒரு இலவசச் செயலியில் துண்டுக்குத் துண்டு விளம்பரம் வந்தது. காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் நிம்மதி.

பெரிய குறை, துண்டுகள் குட்டிக் குட்டியானவை. மெட்டு கை கோத்து வெளியே கூட்டிப்போக ஆரம்பிக்கும்போதே காட்சி முடிந்துவிட்டது போல நின்றுவிடும். 22 எபிசோடுக்குப் போட்ட இசையில் ஆல்பத்துக்கு வந்தது ஒரே ஒரு சிடி அளவுதான். எனக்குப் பிடித்த சில இடங்கள் அதில் இல்லை. அவை வேண்டுமென்றால் அந்த எபிசோடையே போட்டு, வசனத்துக்கு நடுவில்தான் கேட்டுக்கொள்கிறேன்.