அடையாள அட்டை கேட்காத ஆலோசனை: டெலி மானஸ் 14416

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஆட்குறைப்புக்கு ஆளானவர்களில் நானும் ஒருவன். பணியில் இருந்தவரை ஊழியர்களுக்கு நிறுவனச் செலவிலேயே மனநல ஆலோசனை கிடைத்தது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த அன்றே அந்த வசதியும் குழு மருத்துவக் காப்பீடும் முடிந்துபோயின. தேவை தொடங்கும் நாளில் நின்றுபோகும்படி அதை வகுத்தவர் யாரோ தெரியவில்லை. வேலை இருக்கிறதா என்று பார்க்காமல் பேசக்கூடிய இடத்தைத் தேடித்தான் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவைக்கு வந்தேன்.

2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய இச்சேவையில் பெங்களூருவிலுள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் முதன்மைப் பங்கு வகிக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

எதிர்முனையில் பேசிய ஆலோசகர் ஆறுதல் சொல்ல அவசரப்படவில்லை. உறக்கம், பசி, முன்பு பிடித்தவற்றில் இப்போதுள்ள நாட்டம் ஆகியவற்றைக் கேட்டார். இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கிறதா என்று விசாரித்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதையும் சுற்றி வளைக்காமல் கேட்டார். பணக் கவலையைவிட, குளிப்பதற்குக்கூடக் காரணம் இல்லாமல் நாள் கரைவதே எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. ஆஸ்திரியாவின் மரியென்தால் கிராமத்தில் நெசவாலை மூடப்பட்டபின் நடத்தப்பட்டு 1933-இல் வெளியான ஆய்வு இதையே பதிவுசெய்திருக்கிறது: நேரம் மிகுதியாகக் கிடைத்தும் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. எழும் நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, வேலைக்கு விண்ணப்பிப்பதைக் காலையில் குறிப்பிட்ட நேரத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி ஆலோசகர் சொன்னது எளிய யோசனைதான். ஆனால் அது சரியான இடத்தைத் தொட்டது.

புதிய வேலை கிடைத்தபின் மறுபடியும் அழைத்தேன். இரவுப் பணியும் குறைந்த சம்பளமுமாகச் சேர்ந்த அந்த வேலையில் மனம் தெளியவில்லை. வீட்டிலோ, வேலைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டார்கள். ஆலோசகர் அப்படிக் கேட்கவில்லை. வேலையின்மையிலிருந்து மிக மோசமான வேலைக்கு மாறியவர்களின் மனநலம், வேலையின்றியே இருந்தவர்களுடையதைவிட அதிகம் சரிந்ததாக 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியிருப்பதால், அந்த இரண்டாவது அழைப்பைக் கூடுதல் மதிப்புடையதாகவே கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. ஒரே அறையில் குடும்பமே வாழும் வீட்டில், அதுவும் வேலை போனதை இன்னும் சொல்லாதவர், குரலெழுப்பி எப்படிப் பேசுவார்? நான் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினேன். எல்லோருக்கும் அது வாய்க்காது. மருந்தோ தொடர் சிகிச்சையோ தேவைப்படுவோர் மனநல மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் அதற்கு வழியுண்டு. சம்பளம் நின்ற வீட்டுக்கு, காசு செலவில்லாமல் முதலில் தட்டக்கூடிய கதவு என்ற அளவில் இச்சேவைக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன்.