விமானப் பயணக் கூண்டு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பொங்கோலில் வசிக்கும் நண்பர் ஒருவர் பணி மாற்றலாகி லண்டனுக்குக் குடிபெயரவிருக்கிறார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கலப்பின நாய்களைத் தத்தெடுக்க வழிசெய்யும் 'அடோர்' திட்டத்தின்கீழ் தத்தெடுத்து வளர்த்துவரும் சிங்கப்பூர் ஸ்பெஷல் எனப்படும் உள்ளூர்க் கலப்பின நாயையும் உடன் கொண்டுசெல்கிறார். எங்கள் வீட்டிலுள்ள பயணக் கூண்டை இரவல் தர முடியுமா, இல்லையென்றால் அதே வகையைப் புதிதாக வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அன்று என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் நாய் வெள்ளச்சி சிப்பிப்பாறை இனத்தவள். நாங்கள் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தபோது அவளும் விமானத்தின் சரக்குப் பிரிவில் இந்தக் கூண்டுக்குள் இருந்து வந்தாள். மைக்ரோசிப், வெறிநாய்த் தடுப்பூசி, எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 அனைத்துலக அலகுக்குக் குறையாமல் இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, இறக்குமதி உரிமம், வந்தபின் குறைந்தது 30 நாள் தனிமைப்படுத்தல் என்ற வரிசை இந்தியாவிலிருந்து நாய் கொண்டுவந்த எவருக்கும் தெரிந்ததுதான். 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடாக இருந்துவரும் சிங்கப்பூர் இவ்வளவு கேட்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆவணங்களைச் செல்லப்பிராணிப் போக்குவரத்து முகவர் பார்த்துக்கொண்டார். கூண்டைத் தேர்ந்தெடுப்பது மட்டும் எங்கள் பொறுப்பாக இருந்தது.

முதலில் இந்தக் கூண்டின் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவை உண்மையானவை. ஐயாட்டா எனப்படும் அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிமுறைகள் கேட்பவற்றையெல்லாம் இதன் உடற்பகுதி குறைவின்றி நிறைவேற்றுகிறது. மேல்பாதியும் கீழ்பாதியும் பிளாஸ்டிக் கொக்கிகளால் அல்லாமல் உலோகத் திருகாணிகளால் இணைகின்றன. காற்றுத் துளைகள் நான்கு பக்கமும் உள்ளன. கதவின் செங்குத்துக் கம்பிகள் மேலும் கீழும் சட்டத்தைத் தாண்டி ஆழமாகச் செருகப்படுவதால், பீதியடைந்த நாய் முழு வலுவோடு மோதினாலும் கதவு பெயர்ந்து வராது. சக்கரங்கள் கிடையாது, ஆகவே அவற்றைக் கழற்றும் வேலையும் கிடையாது. இத்தனை ஆண்டுகளில் கீழ்த்தட்டில் ஒரு விரிசல்கூட விழவில்லை, தாழ்ப்பாள் ஒருமுறைகூடச் சிக்கவில்லை.

இதன் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய் உள்ளே தலை முட்டாமல் நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடம் வேண்டும் என்பது விதி. சிப்பிப்பாறை ஒல்லியான உடலும் நீண்ட கால்களும் கொண்ட வேட்டைநாய். எடை ஏறக்குறைய 19 கிலோதான் என்றாலும், தலையை நிமிர்த்தி நிற்கும்போது உள்ள உயரத்துக்காக 122 × 81 × 89 சென்டிமீட்டர் அளவுள்ள மிகப் பெரிய கூண்டை வாங்க வேண்டியிருந்தது. விமானச் சரக்கில் உண்மையான எடை, கொள்ளளவு எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் கொள்ளளவு எடை வரும். எங்கள் கணக்கில் அது ஏறக்குறைய 147 கிலோ. நாயும் கூண்டும் சேர்ந்து 40 கிலோவைக்கூட எட்டவில்லை. மீதி முழுவதும் காற்றுக்குக் கட்டிய பணம். இதற்காகக் கூண்டைக் குறை சொல்ல மாட்டேன். நாய் நிமிர்ந்து நிற்கும் உரிமைக்கான விலை அது, மனமுவந்தே கொடுத்தோம்.

நான் குறை சொல்வது தண்ணீர்க் கிண்ணத்தைத்தான். கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நீர் ஊற்றும்படி கூண்டுக்குள் பாத்திரம் பொருத்தியிருக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறைகளில்தான் இருக்கிறது. அதற்காகக் கூண்டைச் செய்த நிறுவனம் தந்திருப்பது ஆழமில்லாத ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். கதவுக் கம்பியில் மாட்ட அதற்கு விரல் நகம் அளவுக்கு இரண்டு கொக்கிகள். தரையில் அசையாமல் இருக்கும் கூண்டில் அது நன்றாகத்தான் நிற்கிறது. ஆனால் சரக்காகப் போகும் கூண்டு அசையாமலா இருக்கும்? தள்ளுவண்டியில் ஏற்றுவார்கள், தூக்கியில் உயர்த்துவார்கள், ஓடும் பட்டையில் சாய்ப்பார்கள். சாங்கி விமான நிலையத்தில் முகவர் எடுத்து அனுப்பிய முதல் படத்தில் கிண்ணம் ஒற்றைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு நீர் இல்லை. விரிப்பின் முன்பகுதி ஈரமாக இருந்தது. சென்னையிலிருந்து பறக்கும் நேரம் நான்கு மணிதான், ஆனால் சரக்கு முனையத்தில் ஒப்படைத்ததிலிருந்து இங்கே வெளியே எடுக்கும்வரை அதைப் போல் பல மடங்கு நேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் ஈரத் துணியில், குடிக்க நீரின்றி, என்ன நடக்கிறது என்றே புரியாமல் அவள் இருந்திருக்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்த கோபம் இன்றும் எனக்குத் தணியவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் நலமாகவே வந்து சேர்ந்தாள். கால்நடை மருத்துவர் பரிசோதித்துக் குறையொன்றும் இல்லை என்றார். கிண்ணம் விதியின் சொல்லை மீறவுமில்லை. ஆனால் கதவுக் கம்பி எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்தவர்களுக்கு, நாய் குடிக்கும் நீர் சிந்தாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் ஏன் தோன்றவில்லை? மாற்றாக அதே நிறுவனத்திடம் வாங்கிய கிண்ணமும் அதே கொக்கியில், அதே இடத்தில் விரிசல் விட்டது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் குறுகிய வேன் பயணங்களில்கூட அது கழன்று விழுகிறது. சென்ற மாதம் கடைசிக் கொக்கியும் உடைந்தது. இப்போது கதவுக் கம்பியின் இரு பக்கமும் இறுக்கித் திருகும் எஃகுக் கிண்ணம் ஒன்றைச் செல்லப்பிராணிக் கடையில் வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். அதன் விலை மிகச் சிறியது; கூண்டின் விலையோடு அதையும் சேர்த்து அந்நிறுவனம் வசூலித்திருந்தால் எந்த வாடிக்கையாளரும் முணுமுணுத்திருக்க மாட்டார்.

எதிர்பாராத ஒரு மகிழ்ச்சியையும் இந்தக் கூண்டு தந்தது. பயணம் முடிந்ததும் பிரித்துப் பண்ட அறையில் வைத்துவிடலாம் என்றிருந்தோம், வெள்ளச்சி விடவில்லை. ஆண்டின் ஏறக்குறைய பாதி நாள்கள் எங்காவது இடி முழங்கும் ஊர் இது. முதல் முழக்கம் கேட்டதும் அவள் நேரே கூண்டுக்குள் போய், சுவரோரம் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறாள். மழை ஓயும்வரை நடுக்கமில்லை. பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே கதவைத் திறந்து வைத்து, உள்ளேயே உணவு கொடுத்துப் பழக்கியதன் பயன் இது. மயக்க மருந்து கொடுத்து அனுப்புவதை ஐயாட்டாவும் கால்நடை மருத்துவர்களும் ஏற்பதில்லை. மருந்தின் இடத்தில் இந்தப் பழக்கம்தான் நிற்கிறது. நண்பர் இன்றே தொடங்கிவிட வேண்டும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் கூண்டு அவருக்கு வேண்டாம். 15 கிலோவுக்குள் இருக்கும் அவருடைய நாய்க்கு 91 × 64 × 69 அளவே போதும் என்று நினைக்கிறேன். அதன் கொள்ளளவு எடை ஏறக்குறைய 67 கிலோ. எங்களுடையதை இரவல் வாங்கினால் கூண்டு விலையில் மிச்சம் பிடித்து, அதைவிட அதிகத்தைச் சரக்குக் கட்டணத்தில் கொடுக்க நேரிடும். ஊகத்தை நம்பாமல் அளந்து பார்க்கட்டும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டுவரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் உள்நீளம். தோள் அகலத்தை இரட்டித்தால் உள்ளகலம். நிற்கும்போது தலை அல்லது காது, எது உயரமோ அதனுடன் விரிப்பின் தடிமனைச் சேர்த்தால் உள்ளுயரம்.

பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் வளர்ப்பு நாய் பொதுவாகச் சரக்காகத்தான் இறங்க முடியும். நாடாப்புழு மருந்து அங்கே போய்ச் சேர்வதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை முகவர் நினைவூட்டுவார். தண்ணீரை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். நிற்காமல் பறந்தாலே ஏறக்குறைய 14 மணி நேரம்; லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஆவணமும் மைக்ரோசிப்பும் சரிபார்த்து வெளியே விடுவதற்குக் காத்திருப்பது தனி. ஆழமான எஃகுக் கிண்ணத்தைத் திருகிப் பொருத்தி, முந்தைய இரவே அதில் நீரை உறைய வைத்துக் கொடுத்தனுப்பினால், ஏற்றும்போது சிந்தாது, பறக்கும்போது மெல்லக் கரையும்.

அதே வகையைப் புதிதாக வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். இதைவிட உறுதியான கூண்டை நான் பார்த்ததில்லை, வெள்ளச்சிக்கு இதைவிடப் பிடித்த இடம் வீட்டில் வேறில்லை. எங்களுடையதை விற்கவும் மாட்டேன். ஆனாலும் அந்தக் கிண்ணத்தை மாற்றும்வரை அந்நிறுவனத்துக்கு இன்னொரு வெள்ளிகூடப் போய்ச்சேர என் பரிந்துரை காரணமாக இருக்காது.