சிஐடிபிக்கு ஸ்டீராய்டா, ஐவிஐஜியா?

அம்மாவுக்கு வந்திருப்பது சிஐடிபி என்ற நரம்பு நோய்தான் என்று உறுதியானதும் வேலூரில் நரம்பு டாக்டர் இரண்டு வழி சொன்னார்: ஸ்டீராய்டு மாத்திரை, இல்லையென்றால் ஐவிஐஜி, அதாவது ரத்தக்குழாயில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்து. நாங்கள் ஸ்டீராய்டைத் தேர்ந்தெடுத்தோம். எனவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக: உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பின் மேலுறையான மயலினைத் தாக்குகிறது. கை கால்கள் பலம் இழக்கின்றன, மரத்துப்போகின்றன. ஜிபிஎஸ் (கில்லன்-பாரே) இதற்கு உறவு நோய். ஆனால் அது நாலு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். சிஐடிபி எட்டு வாரம் தாண்டியும் கூடிக்கொண்டே போகும், அல்லது விட்டுவிட்டு வரும். ஜிபிஎஸ்ஸுக்கு ஸ்டீராய்டு பலன் தராது என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வேகம் என்று பார்த்தால் ஐவிஐஜிதான் முந்தும். ஸ்டீராய்டு மெதுவாகத்தான் வேலை செய்யும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றுவது மூன்றாவது வழி; மெஷின், பெரிய ரத்தக்குழாயில் ஊசி என்று அது தனிப் பாடு. எங்களுக்கு அந்தப் பேச்சே வரவில்லை.

எங்கள் வீட்டில் முடிவு செய்தது தொடர் செலவு. ஐவிஐஜி ஆயிரக்கணக்கானோர் தந்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரிக்கும் மருந்து. வழக்கமாக முதலில் கிலோ எடைக்கு 2 கிராம், பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 1 கிராம். 60 கிலோ ஆளுக்கு முதல் சுற்றில் 120 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் 24. அப்புறம் ஒவ்வொரு தடவையும் 12 பாட்டில், வருஷத்துக்கு 17 தடவை. பாட்டில் ஒன்றே பல ஆயிரம் ரூபாய். குடியாத்தத்தில் தறி வருமானத்தில் ஓடும் குடும்பத்துக்கு முதல் சுற்றை நகை வைத்தாவது சமாளிக்கலாம், பதினேழாவது சுற்றுக்கு என்ன செய்வது? வேலூருக்கு பஸ் கட்டணம் பெரிதில்லை, கூடப் போகிறவரின் கூலி போவதுதான் வலிக்கும்.

ஸ்டீராய்டில் அம்மாவுக்கு எழுதியது டெக்ஸாமெத்தசோன்: தினம் 40 மில்லிகிராம், மாதத்தில் நாலே நாள், ஆறு மாதம். மாத்திரைக் காசு ஒரு பொருட்டே இல்லை. தினசரி எடுக்கும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுக்கு இது ஏறக்குறைய ஈடு என்று 2010இல் வந்த ஆய்வு காட்டியது. ஸ்டீராய்டை ஐவிஐஜியோடு ஒப்பிட்டு 2012இல் வந்த இன்னொரு ஆய்வு இரண்டு பக்கமும் பேசுகிறது: ரத்தக்குழாய் வழி ஏற்றிய ஸ்டீராய்டை பலனில்லை என்றோ தாங்கவில்லை என்றோ பாதியில் நிறுத்தியவர்கள் அதிகம், ஆனால் சிகிச்சை முடிந்த பிறகு நோய் திரும்பியது ஐவிஐஜி எடுத்தவர்களிடம்தான் அதிகம். எனக்கு அந்த இரண்டாவது பாதி பெரிதாகப் பட்டது.

ஸ்டீராய்டுக்கும் பராமரிப்பு உண்டு. சர்க்கரை, பிரஷர், எலும்பு, கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நாலு நாள் அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது, பசி மட்டும் இரண்டு மடங்கு. ஆனால் இந்த டெஸ்டுகளில் பெரும்பாலானவற்றை ஊரிலேயே முடித்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு முன்பே சர்க்கரை இருந்திருந்தால் கடன் வாங்கியாவது ஐவிஐஜி பக்கம் போயிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். ஐவிஐஜியில் தலைவலி வரும், அபூர்வமாக ரத்தம் உறையலாம் என்கிறார்கள். அதை நாங்கள் அனுபவித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்று. தொடு உணர்வு கெடாமல் பலம் மட்டும் குறைகிற வகை ஒன்று இருக்கிறது. அதில் ஸ்டீராய்டு சிலருக்கு நோயைக் கூட்டிவிடும், அவர்களுக்கு ஐவிஐஜிதான் முதல் மருந்து. நரம்பு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டி, அந்த வகையா என்று டாக்டரிடம் கேட்ட பிறகே மாத்திரையைத் தொடங்குங்கள்.